எலிக்குஞ்சைத் தொடாத பாம்புக்குட்டி

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாம்பு வளர்ப்பவர்களிடையே மில்க் ஸ்நேக் இனங்களுக்குத் தனி மவுசு உண்டு. பெரும்பாலானவற்றின் உடம்பில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் மாறி மாறி ஓடும், நஞ்சு கிடையாது, கூண்டில் முட்டையிட வைப்பதும் அவ்வளவு கடினமில்லை. முட்டை பொரிந்த பிறகுதான் தலைவலி. குட்டி முதல் ஒன்றிரண்டு வாரம் வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டே காலம் தள்ளி, முதல் சட்டையை உரிக்கும். அதற்குப் பிறகு அதன் முன்னால் வைக்கப்படுவது, வளர்ப்பவர்கள் ‘பிங்கி’ என்று சொல்கிற, ரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு. பல குட்டிகள் அதை உடனே விழுங்கிவிடும். சில குட்டிகள் முகர்ந்துவிட்டு விலகும். அடுத்த வாரமும் விலகும். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். இதைப் பிடிவாதம் என்றும் நோஞ்சான்தனம் என்றும் சொல்வது வளர்ப்பவர்களின் வழக்கம். கிடைத்துள்ள சான்றுகளைப் பார்த்தால், அந்தக் குட்டிக்கு எலிக்குஞ்சு உணவாகவே தெரியவில்லை என்று கொள்வதுதான் பொருந்துகிறது.

பாம்பு இரையை அடையாளம் காண்பதில் கண்ணுக்கு இரண்டாம் இடம்தான். பிளவுபட்ட நாக்கு காற்றிலும் தரையிலும் உள்ள வேதித் துகள்களை அள்ளிக்கொண்டு வர, மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பு அவற்றைப் பிரித்தறிகிறது. 1960களில் அமெரிக்க விலங்கு நடத்தை ஆய்வாளர் கார்டன் பர்க்ஹார்ட், ஒருமுறைகூட இரையுண்ணாத பாம்புக்குட்டிகளின் முன் வெவ்வேறு இரைகளின் சாறு தோய்த்த பஞ்சை நீட்டிப் பார்த்தார். தங்கள் இனம் காட்டில் எதைத் தின்னுமோ அதன் சாறு வந்தபோது குட்டிகள் நாக்கை வேகமாக நீட்டின, பஞ்சையே பாய்ந்து கடித்தன. மற்றவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. 1981இல் ஸ்டீவன் ஆர்னால்ட் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒருபடி மேலே போனது. கலிபோர்னியாவின் கடலோரத்தில் வாழும் ஒரு கார்டர் பாம்பு இனம் ஓடில்லா நத்தைகளைத் தின்று வாழ்கிறது. அதே இனம் உள்நாட்டில், அந்த நத்தைகள் இல்லாத இடங்களில், மீனையும் தவளையையும் தின்கிறது. இரண்டு இடத்துத் தாய்களும் ஆய்வகத்தில் ஈன்ற குட்டிகளுக்கு நத்தையைக் கொடுத்தபோது, கடலோரக் குட்டிகளில் பெரும்பாலானவை தின்றன, உள்நாட்டுக் குட்டிகளில் பெரும்பாலானவை மறுத்தன. முதல் கவளத்துக்கு முன்பே எது உணவு என்பது பிறப்போடு வந்துவிடுகிறது, பரம்பரையாகவும் இறங்குகிறது.

இதை மில்க் ஸ்நேக்குக்குப் பொருத்திப் பார்க்கலாம். வளர்ந்தவை எலிகளைத் தாராளமாகத் தின்னும். மாட்டுத் தொழுவத்தில் எலி தேடி நுழைந்ததைக் கண்டவர்கள் பால் குடிக்க வந்ததாக எண்ணியதில்தான் இந்தப் பெயரே வந்தது. ஆனால் காட்டில் பல இனக் குட்டிகளின் முக்கிய இரை சிறு அரணைகளும் பல்லி வகைகளும்தான். அமெரிக்காவின் தென்கிழக்குப் பைன் காடுகளில் வாழும் ஸ்கார்லெட் கிங்ஸ்நேக் இதற்கு நல்ல சான்று. நெடுங்காலம் மில்க் ஸ்நேக்கின் கிளையினமாகவே கருதப்பட்ட அதன் குட்டி, பொரிக்கும்போது ஒரு சாண்கூட இருக்காது. பிங்கியை மறுப்பதில் அது பேர்போனது. ஹோண்டுராஸ் மில்க் ஸ்நேக்கின் குட்டியோ ஒரு சாணைத் தாண்டிய நீளத்தில் பிறக்கிறது, பெரும்பாலும் பிங்கியைத் தயங்காமல் எடுத்துக்கொள்கிறது. மறுப்பு தனிக்குட்டியின் சுபாவம் மட்டுமே என்றால், அது இப்படி இனத்தையும் உடல் அளவையும் ஒட்டிப் பிரிய வேண்டியதில்லை.

அனுபவசாலிகள் கையாளும் வைத்தியங்களில் நம்பத்தக்கவை மணத்தை மாற்றுபவையாக இருப்பதில் ஆச்சரியமில்லை. பிங்கியை மணமற்ற சோப்பால் கழுவி எலிக்கூட்டின் வாடையைப் போக்கி, பிறகு ஒரு பல்லியின் மேல் தேய்த்துக் கொடுப்பார்கள். உறைய வைத்த பல்லி ஒன்று இதற்காகவே ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கிடக்கும். நாலைந்து முறை அப்படித் தின்றபின் பல்லி வாடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், குட்டி வெறும் எலிக்குப் பழகிவிடும். இளம் கார்டர் பாம்புகளில் ஆரம்ப உணவு மண விருப்பத்தை மாற்றுகிறது என்று பர்க்ஹார்ட்டும் அவருடைய சக ஆய்வாளரும் 1971இல் காட்டியிருக்கிறார்கள். பிறவி விருப்பம் இருக்கிறது, ஆனால் அது இளகக்கூடியது. இதோடு சூடும் மறைவும் வேண்டும். கூண்டின் சூடான பக்கம் 28 டிகிரிக்குக் குறைந்தால் செரிமானம் மந்தமாகும். பதுங்க இடமில்லாத திறந்த பெட்டியில் குட்டி இரை தேடுவதை விட்டு ஒளிய வழி தேடும். சிறு டப்பாவில், கசங்கிய காகிதத்துக்கு நடுவே, இரையோடு இருட்டில் ஓர் இரவு விட்டுவைப்பது பலிப்பது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. ஒரு குட்டிக்கு ஐந்து வைத்தியங்களை ஒரே வாரத்தில் செய்து, ஆறாவதைச் செய்தபோது அது தின்றால், ஆறாவதற்கே பேர் போய்ச் சேரும். எதுவுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அது அன்றைக்குத் தின்றிருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, எடையையும் குறித்துவைப்பவரின் பேச்சுக்குத்தான் மதிப்பு.

பசித்தால் தானே தின்னும், விட்டுவிடுங்கள் என்பார்கள் சிலர். இதில் பாதி உண்மை. மார்ஷல் மெக்யூ 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று இனப் பாம்புகள் 168 நாள் பட்டினியைத் தாங்கின. ஓய்வுநிலை வளர்சிதை மாற்றத்தை 72 சதவீதம்வரை அவற்றால் குறைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் அவை புதிதாகப் பொரிந்த குட்டிகள் அல்ல. ஒருசில கிராம் எடையுள்ள உடம்பில் சேமிப்பு ஏது? பசி பாம்பைப் பொறுமையாக்குகிறதே தவிர, எலியைப் பல்லியாக்கிக் காட்டுவதில்லை. எடை இன்னும் இறங்காத குட்டியை 10 முதல் 13 டிகிரியில் சில வாரம் குளிர்கால ஒடுக்கத்தில் வைப்பது வேறு விஷயம். மித வெப்ப நாட்டில் ஆகஸ்ட், செப்டம்பரில் பொரியும் குட்டிக்கு அது இயற்கையின் கால ஒழுங்கு. எழுந்ததும் பலவும் இரை எடுக்கின்றன.

எதிர்த்திசையிலிருந்து வருபவர்கள், ஏன் இத்தனை காத்திருப்பு, வாயைத் திறந்து திணித்துவிடலாமே என்பார்கள். உயிர் போகும் நிலையில் சரி. எலியின் வாலையோ, சிரிஞ்ச் மூலம் அரைத்த கூழையோ ஊட்டிக் காப்பாற்றியவர்கள் உண்டு. ஆனால் நூல் போன்ற தாடைக்குக் காயம் எளிது. மிரண்ட குட்டி விழுங்கியதைக் கக்கினால், தின்னாமல் இருந்ததைவிட நிலைமை மோசமாகும். குட்டிக்குப் பல்லியையே கொடுத்துவிடலாமா என்றால், வெளியில் பிடித்த பல்லிகள் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவரும். ஆண்டு முழுக்க அவை கிடைப்பதும் இல்லை.

கனமான ஆட்சேபம் இனிமேல்தான். காட்டில் செத்துப்போகும் குட்டியை ஊட்டி வளர்த்து, அதையே இனப்பெருக்கத்துக்கும் விட்டால், தின்ன மறுக்கும் வம்சம் பெருகாதா? ஆர்னால்டின் முடிவை ஏற்பவர்கள் இதைத் தள்ளிவிட முடியாது. பதிலில் ஒரு பகுதி எளிது. பல்லி மட்டுமே தேடும் குட்டி குறையுள்ளதல்ல, காட்டில் அது நன்றாகவே பிழைத்திருக்கும். மணம் மாற்றியதும் தின்றுவிட்ட குட்டியை ஒதுக்கக் காரணமில்லை. மாதக்கணக்கில் ஊட்டியே காப்பாற்றிய குட்டியின் கதை அப்படியல்ல. அதை வளர்க்கலாம், ஜோடி சேர்க்கக் கூடாது. சந்தை இதற்கு நேர்மாறாக நடக்கிறது. சாதாரணப் பட்டை கொண்ட குட்டி மூன்று வாரம் மறுத்தால் கைவிடப்படும். அல்பினோ குட்டி மறுத்தால் சிரிஞ்ச் வரும், பிறகு அதற்கு ஜோடியும் வரும். எந்தக் குட்டி எத்தனை வாரம் மறுத்தது என்ற குறிப்பைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் அரிது. எல்லோரும் கேட்பது நிறத்தைத்தான்.