பாரீஸ் போறீங்களா? பர்ஸை மட்டுமல்ல, பாதத்தையும் பாருங்க!

பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையின் தென்கோடியில் டூப்ளே துரை சிலையாக நிற்கிறாரே, பார்த்திருப்பீர்கள். அதே டூப்ளே பெயரில் பாரீஸில் ஒரு மெட்ரோ ரயில் நிலையம் இருக்கிறது, தெரியுமா? ஆறாம் நம்பர் லைன். அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஈஃபிள் கோபுரம்!

நம்ம ஊருக்கும் அந்த ஊருக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முடிந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அதனால்தான் இன்றைக்கும் பாண்டியில் தெருவுக்கு நாலு வீட்டில், "பொண்ணு பிரான்சுல இருக்கா, ஒரு தடவை பார்த்துட்டு வரணும் டாக்டர்" என்கிறார்கள்.

மகள் வீட்டில் தங்க இடம் உண்டு. சாப்பாடும் உண்டு. ஊர் சுற்றத்தான் செலவு. அங்கே ஒரு யூரோ எடுத்து நீட்டும்போதெல்லாம் மனசு அதை ரூபாயாக்கிப் பார்க்கும், "ஐயோ!" என்று அலறும். அந்தக் கணக்கில் ஏமாந்தவன் நான். கதையைக் கேளுங்கள்.

2018 மே மாதம் நானும் என் மனைவியும் பாரீஸ் போனோம். பஸ்ஸுக்கு எதற்குக் காசு என்று காலையிலிருந்து ராத்திரி வரை நடை. தண்ணீர் பாட்டில் விலையைப் பார்த்துத் தாகத்தை அடக்கினோம். 'பாத்ரூம் எங்கே இருக்கோ' என்று பயந்து இன்னும் குறைவாகக் குடித்தோம். மனைவிக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூ வேறு. நாலாம் நாள் ராத்திரி சாக்ஸைக் கழற்றினால், வலது பெருவிரல் ஓரத்தில் கொப்புளம் உடைந்து ரத்தம்! "வலிக்கலையா?" என்றேன். "தெரியவே இல்லீங்க" என்றாள்.

வலி தெரியாததுதான் வியாதி. சர்க்கரை பாதத்து நரம்பை மரத்துப் போகச் செய்யும். ஊராருக்கெல்லாம் அதைச் சொல்கிற நான், என் வீட்டுக் காலைப் பார்க்கவில்லை! அங்கே டாக்டர், மருந்து. ஊர் திரும்பி அறுவை சிகிச்சை நிபுணரிடம் ஆறு வாரம் கட்டு. விரல் தப்பியது. மிச்சம் பிடித்தது பஸ் டிக்கெட். செலவானது அதைப்போல் பல மடங்கு.

"சித்த வைத்தியர்தானே, ஒரு தைலம் போட்டு ஆற்றக் கூடாதா?" என்று கேட்டார்கள். சர்க்கரைக்காரர் காலில் புண் என்றால் வீட்டிலே வைத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

அடக்கக் கூடாத ஐந்து

உடம்பின் இயற்கையான வேகங்கள் பதினான்கு, அவற்றை அடக்கினால் நோய் வரும் என்று பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தேன். அதில் தாகம், சிறுநீர், பசி, தூக்கம், இளைப்பு என்கிற ஐந்தையும் சிக்கனப் பயணி ஒரே நாளில் அடக்கிவிடுகிறார்! ஆனால் இந்த ஐந்தையும் அடக்காமலே ஐரோப்பாவில் காசை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது.

தாகம்: பாரீஸ் குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தெருவில் கரும்பச்சை நிறத்தில், நாலு பெண் சிலைகள் தலையில் கூரை தாங்குகிற மாதிரி நீரூற்றுகளைப் பார்ப்பீர்கள. ரிச்சர்டு வாலஸ் என்ற தர்மவான் 1872-லிருந்து வைத்துக் கொடுத்தது. நம்ம ஊர்த் தண்ணீர்ப் பந்தல் மாதிரிதான்! குளிர்காலத்தில் மட்டும் மூடிவிடுவார்கள். ரோம் நகரிலும் தெருவெங்கும் குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் ஒரு காலி பாட்டில் போதும். ஓட்டலில் சாப்பிடும்போது "யூன் கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் ஜாடியில் வரும். பில் கிடையாது.

சிறுநீர்: அடக்கினால் நீர்க்கடுப்பு நிச்சயம். பெண்களுக்கு இன்னும் சீக்கிரம். பாரீஸ் நடைபாதைகளில் இருக்கும் தானியங்கிக் கழிப்பறைகள் 2006-லிருந்து இலவசம். மாநகராட்சி மியூசியங்களான கார்னவாலே, பெத்தி பாலே இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. கண்ணுக்கு ஓவியம், காலுக்கு பெஞ்ச், அவசரத்துக்குக் கழிப்பறை! லண்டன் போகிறவர்களுக்கு பிரிட்டிஷ் மியூசியம் அப்படித்தான். நம்ம ஆந்திரத்து அமராவதி சிற்பங்களே அங்கே இருக்கின்றன. (லண்டனுக்குத் தனி விசா, மறக்காதீர்கள்.)

பசி: சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் மயக்கம் வரும். காலையில் மகள் வீட்டிலேயே சப்பாத்தியோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொள்ளுங்கள். லுக்சம்பர்க் பூங்காவில் நாற்காலி இலவசம், உட்கார்ந்து சாப்பிடலாம். நாக்கு நம்ம ருசி கேட்டால் லா ஷாப்பல் பகுதிக்குப் போங்கள். ஈழத்துத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இட்லி, தோசை எல்லாம் உண்டு. பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் கோயில். கோடை முடிகிற சமயத்தில் போனால் தேரும் பார்க்கலாம்.

தூக்கம்: ஜூன் மாதம் பாரீஸில் ராத்திரி பத்து மணிக்குத்தான் இருட்டும்! "இன்னும் வெளிச்சமா இருக்கே" என்று சுற்றினால் உடம்பு கெட்டுவிடும். கடிகாரத்தைப் பார்த்துப் படுங்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மாத்திரை, இன்சுலின் நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிவிடுங்கள்.

இளைப்பு: கால் கெஞ்சினால் உட்காருங்கள். பல மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, படிதான். மூட்டுவலிக்காரர்களுக்கு பஸ்ஸே மேல். டிக்கெட்டும் மெட்ரோவைவிட மலிவு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஊரே தெரியும். நோத்ருதாம் தேவாலயம் 2019-ல் தீப்பிடித்து, 2024 டிசம்பரில் மறுபடியும் திறந்தது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. அங்கே பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தாலே களைப்புப் போகும்.

ஷூவுக்கு ஒரு மாதம்

புது ஷூவைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்குங்கள். வாங்கப் போவது சாயங்கால நேரமாக இருக்கட்டும், பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவு சரியாகத் தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் நம்ம கடற்கரைச் சாலையில் வண்டி வராது. அங்கே தினமும் அதைப் போட்டு நடந்து பழகுங்கள். பயணத்தில் ராத்திரி படுக்கும் முன் பாதம், விரலிடுக்கு, குதிகால் எல்லாம் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். அல்லது துணைவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்கம் என்ன இதில்?

பெட்டியில் என்ன?

தினசரி மாத்திரைகள், இன்சுலின், டாக்டர் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடலாம். என் துறை மருந்துகளில் லேபிள் இல்லாத பொட்டலம் வேண்டாம். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் வேண்டவே வேண்டாம். நெய், பால்கோவா, இறைச்சி எதற்கும் அங்கே அனுமதி இல்லை. கறிவேப்பிலையும் கூடாது. விமானத்தில் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள், காலில் ரத்தம் கட்டாது.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். மலிவானது எது என்று மட்டும் பார்க்காமல், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குப் பணம் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகளில் அவசர உதவிக்கு 112.

டிக்கெட்டில் மிச்சம் பிடியுங்கள், தங்குவதில் மிச்சம் பிடியுங்கள். தண்ணீரிலும் மருந்திலும் ஷூவிலும் மட்டும் கை வைக்காதீர்கள். என் மனைவியும் நானும் அடுத்த வருஷம் மறுபடி போகலாம் என்றிருக்கிறோம். இந்தத் தடவை அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று:

"தினமும் ராத்திரி என் காலை நீங்கதான் பார்க்கணும்!"

சரி என்று சொல்லிவிட்டேன்.