ஒரே பைல், ஏழு காப்பி: கம்போசர் தீர்த்த தலைவலி

ரசீதில் எண்ணால் 1,00,050 என்றும், எழுத்தால் ‘ஒரு லட்சத்து ஆயிரத்து ஐம்பது’ என்றும் அச்சாகியிருந்தது. பணம் கட்டியவர் எழுத்தில் உள்ளதுதான் கணக்கு என்று பிடிவாதம் பிடித்தார். ஆயிரம் ரூபாய்க்குக் கடைக்காரர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த பில்லிங் தளத்தை எழுதியவன் நான்தான்.

கல்லூரி நாட்களில் பிஎச்பியில் எழுதிய சின்ன பைல் அது. தொகையை எழுத்தாக மாற்றித் தரும். ஆயிரத்தின் இடத்தில் பூஜ்யம் வந்தால் அந்தச் சொல்லையே விட்டுவிட வேண்டும், நான் விடவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இரண்டு மாதம் முன்பே வேறொரு தளத்தில் இதே பிழையைத் திருத்தியிருந்தேன். ஆனால் பைல் ஏழு தளங்களில் காப்பி ஆகிக் கிடந்தது. எதில் திருத்தினேன், எதில் இல்லை என்று எனக்கே நினைவில்லை.

நீங்கள் இப்போதுதான் வெப்சைட் தயாரிக்கக் கற்கிறீர்கள் என்றால் இந்தக் காப்பிப் பழக்கமே வேண்டாம். பிஎச்பிக்கு கம்போசர் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. நில்ஸ் ஆடர்மன், ஜோர்டி பொஜ்ஜியானோ இருவரும் உருவாக்கி 2012ல் வெளியிட்டது. இந்த வகை புரோகிராமை டிபென்டென்சி மேனேஜர் என்பார்கள். எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் வேண்டும் என்று ‘கம்போசர்.ஜேசான்’ பைலில் எழுதி வைத்தால் போதும். மளிகைச் சீட்டைப் பார்த்து எடுத்து வருவது போல எல்லாவற்றையும் கொண்டுவந்து ‘வென்டார்’ போல்டரில் வைத்துவிடும். அந்த லைப்ரரிக்கு வேறு லைப்ரரி தேவை என்றால் அதையும் சேர்த்தே கொண்டுவரும்.

பொது லைப்ரரிகள் பேக்கேஜிஸ்ட் என்ற தளத்திலிருந்து வரும். நம் சொந்த கோடை அங்கே போட வேண்டியதில்லை. அதைத் தனி கிட் ரெப்பாசிட்டரியாக வைத்து, அதற்கும் ஒரு கம்போசர்.ஜேசான் எழுதி, 1.0.0 என்று டேக் போடுங்கள். பிறகு தளத்தின் பட்டியலில் ‘ரெப்பாசிட்டரீஸ்’ பகுதியில் அதன் முகவரியையும், ‘ரெக்வயர்’ பகுதியில் பெயரோடு ‘^1.0’ என்றும் கொடுங்கள். 1.0 அல்லது அதற்கு மேல், 2.0க்குக் கீழ் எது வந்தாலும் சம்மதம் என்று பொருள். பிழையைத் திருத்தி 1.0.1 டேக் போட்டால், ஒவ்வொரு தளத்திலும் ‘கம்போசர் அப்டேட்’ கொடுத்தால் முடிந்தது. லைப்ரரி உங்கள் ஹார்ட் டிஸ்கிலேயே இருந்தால் ரெப்பாசிட்டரியின் வகையை ‘பாத்’ என்று கொடுங்கள். முடிந்தவரை காப்பி எடுக்காமல் இணைப்பு மட்டும் போட்டுக்கொள்ளும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘அப்டேட்’ புதிய வெர்ஷனைத் தேடும்; ‘இன்ஸ்டால்’ என்பது ‘கம்போசர்.லாக்’ பைலில் குறித்திருக்கும் அதே வெர்ஷனைத்தான் எடுக்கும். சர்வரில் எப்போதும் இன்ஸ்டால்தான். லாக் பைலை அழித்துவிடாமல் கிட்டில் சேர்த்து வையுங்கள். அவசரத்தில் வென்டார் போல்டருக்குள் கை வைக்கவும் வேண்டாம். அடுத்த அப்டேட்டில் அந்தத் திருத்தம் காணாமல் போகலாம். (எனக்குப் போயிருக்கிறது, இரண்டு முறை.)

ஏழில் ஆறு தளங்களை மாற்றிவிட்டேன். ஏழாவது, பிஎச்பி 5.6 ஓடும் பழைய சர்வரில் இருக்கிறது. கம்போசர் 2.3 முதல் பிஎச்பி 7.2.5 ஆவது வேண்டும் என்பதால், அங்கே மட்டும் கம்போசர் 2.2 வைத்து முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.