முகத்தில் தெரியும் இரத்த நாளங்கள்

மூக்கின் ஓரங்களிலும் கன்னங்களிலும் சிலருக்குச் சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் மெல்லிய கோடுகள் தெரியும். இவை தோலின் மேற்பரப்பை ஒட்டி, நிரந்தரமாக விரிந்துவிட்ட நுண்ணிய இரத்த நாளங்கள். பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமே கொண்டவை. மருத்துவத்தில் இவற்றுக்கு டெலான்ஜியெக்டேசியா என்று பெயர்.

பல ஆண்டுகள் வெயில் படுவது, பரம்பரைக் கூறு, ரோசேசியா எனும் தோல் நோய், கர்ப்பகால ஹார்மோன் மாற்றம் ஆகியவை முக்கியக் காரணங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் ஆலோசனையின்றி முகத்தில் நெடுநாள் பூசுவதாலும் தோல் மெலிந்து நாளங்கள் வெளியே தெரியும்.

விரிந்த நாளங்களைக் களிம்புகளால் மறையச் செய்ய முடியாது. லேசர் சிகிச்சையே பரவலான வழி. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாளம் மூடிக்கொள்ள, உடல் அதை மெல்ல அகற்றுகிறது. இந்தக் கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற அமெரிக்க மருத்துவர்கள் 1983இல் விளக்கினர். மாநிறத் தோலில் மெலனின் எனும் நிறமியும் ஒளியை உறிஞ்சுவதால் தழும்போ நிறமாற்றமோ ஏற்படலாம். எனவே மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் அத்தோலுக்குப் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. சிகிச்சை பலமுறை தேவைப்படலாம்.

சன்ஸ்கிரீன் பூசுவது புதிய நாளங்கள் தோன்றுவதைக் குறைக்கும். இக்கோடுகளுடன் அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிந்தாலோ, ஆறாத பளபளப்பான கட்டி இருந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.