விலை ஒன்றே, "டேட்டா" வேறு! "சிம்" மாற்றுவோர் உஷார்!

காட்டாங்குளத்தூர்,-

மாலை ரெயிலில் இறங்கி கடைக்குப் போகிறார் ஒருவர். "கியூ.ஆர்." அட்டையில் பணம் செலுத்துகிறார். சக்கரம் சுற்றுகிறது. பணம் போச்சா, இல்லையா? கடைக்காரரும் விழிக்கிறார். "கம்பெனியை மாத்திடணும்பா!" என்கிறார்.

எதற்கு மாறுவது?

2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது ஜியோ, ஏர்டெல், வி.ஐ. மூன்றிலும் 28 நாள் திட்டம் ஒன்றின் விலை 299 ரூபாய் ஆனது. ஆனால் தினசரி "டேட்டா" ஜியோவில் ஒன்றரை ஜி.பி., மற்ற இரண்டிலும் 1 ஜி.பி.!

உடனே தாவிவிடலாமா? கூடாது! கடைக்குள் "சிக்னல்" வராவிட்டால் எத்தனை ஜி.பி. இருந்து என்ன பயன்?

சோதனை

வேறு "சிம்" வைத்திருக்கும் நண்பரை அழைத்து வீடு, கடை, ரெயில் நிலையம் மூன்றிலும் பார்க்க வேண்டும். அதுவும் மாலையில்! ஒரே கோபுரத்தைப் பலர் பங்கு போடும் நேரத்தில்தான் வேகத்தின் லட்சணம் தெரியும்.

நம்பர் மாறாது

2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் நம்பரை மாற்றாமலே கம்பெனி மாறலாம். 2018-ல் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் இப்படித்தான் நம்பரைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் ஒன்று. மாறிய பிறகு 90 நாள் மீண்டும் மாற முடியாது. அவசரப்பட்டால் 3 மாதம் அவதிதான்!