பரிசலின் மையம் பிசகினால்...

தருமபுரி மாவட்டத்தில் காவிரி பாறைகளுக்கிடையே பாய்ந்து விழும் இடம் ஒகேனக்கல். இங்கு ஓடுபவை பரிசல்கள். 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியப் பயணி டொமிங்கோ பாயஸ், கூடை போல் வட்டமாகப் பின்னித் தோல் போர்த்திய படகுகளில் மக்கள் ஆற்றைக் கடந்ததைக் குறித்துள்ளார். இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பயன்படுகின்றன. மூங்கில் சட்டம் மாறவில்லை.

நீண்ட மரப்படகின் உடல் முறுக்கிக் கொண்டால், அது எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும். பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்பதில்லை; ஆகவே அத்தொல்லை குறைவு. ஆனால் அதன் மையம் பிசகக் கூடாது. ஏன்?

ஒரு கணக்குப் பார்ப்போம். பரிசலின் அடி 2 மீட்டர் குறுக்களவுள்ள தட்டையான வட்டம் எனக் கொள்வோம். அதன் பரப்பு 3.14 சதுர மீட்டர். அது 10 செ.மீ. ஆழம் அமிழ்ந்தால் 314 லிட்டர் நீரை விலக்கும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, பரிசலும் ஆட்களும் சேர்ந்த எடை 314 கிலோ என்றால் அது இந்த ஆழத்தில் மிதக்கும்.

மிதப்பு விசை, விலக்கப்பட்ட நீரின் மையத்தின் வழியே மேல்நோக்கிச் செயற்படுகிறது. எடையோ ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கிச் செயற்படுகிறது. இவ்விரு மையங்களும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமையும்வரை பரிசல் சாயும். கூடு கோணலானால், ஆள் ஏறுமுன்பே ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். விளிம்பு ஓரிடத்தில் 5 செ.மீ. தாழ்ந்திருந்தால், அலை அவ்வழியே எளிதில் உள்ளே புகும். மற்ற பக்கங்கள் எவ்வளவு உயரமாயிருந்தும் பயனில்லை.

இப்பிழை எவ்வாறு நேர்கிறது? தடித்த மூங்கில் பிளாச்சு குறைவாகவும், மெல்லியது அதிகமாகவும் வளைகின்றன. பிளாச்சுகளின் தடிப்பு ஒத்திராவிட்டால் வட்டம் முட்டை வடிவாகிவிடும்.

இதைக் கண்டறியக் கயிறே போதும். தரையில் முளை அடித்து, 1 மீட்டர் கயிற்றால் வட்டம் வரைந்து, அதனுள் அடியைப் பின்ன வேண்டும். பிளாச்சுகளை மேலே வளைத்தபின், விளிம்பின் குறுக்கே இரு கயிறுகளைச் செங்கோணமாகக் கட்டுங்கள். இரண்டின் நடுப்புள்ளிகளும் ஒன்றாக வேண்டும். அங்கிருந்து தொங்கவிட்ட தூக்குக்குண்டு அடியின் மையத்தைத் தொட வேண்டும். விளிம்பு மட்டமா என்பதை நேரான கட்டையையும் ரசமட்டத்தையும் வைத்துப் பாருங்கள்.

பிசகு தெரிந்தால், அப்பக்கக் கட்டுகளைத் தளர்த்தி, தடித்த பிளாச்சை உட்புறமாகச் செதுக்கி, மீண்டும் வளைத்துக் கட்டலாம். அடி எழும்பாதிருக்கக் கற்களை ஏற்றி வைக்கலாம். இவையெல்லாம் விரிப்பைப் போர்த்துமுன் செய்ய வேண்டியவை. தார் பூசியபின் கோணலைத் திருத்த, கூட்டையே பிரிக்க நேரும்.

ஒரு பக்கம் கல் வைத்துச் சமன் செய்துவிடலாமே எனக் கேட்கலாம். பரிசல் சுழலும்போது கல் உருண்டால் சாய்வு முன்னிலும் மோசமாகும். மேலும் கல்லின் எடையால் பரிசல் இன்னும் ஆழமாக அமிழும். தரையில் செலவிடும் ஒரு மணி நேரமே ஆற்றில் உயிரைக் காக்கிறது.