பூதத்தைக் கண்டா பயம்?

விஞ்ஞானக் கற்பனைப் படம் ஒன்று ஊருக்கு வந்துவிட்டால் வீட்டில் ஒரு வழக்குத் தொடங்கிவிடுகிறது. குழந்தைகள் வாதிகள், தாயார் பிரதிவாதி, தகப்பனார் நீதிபதி. நீதிபதி கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "படத்தில் பூதம் கீதம் வருகிறதா?" வருகிறதென்றால் வழக்குத் தள்ளுபடி, இல்லையென்றால் டிக்கட்டுக்குப் பணம்.

இந்தக் கேள்வியே பிசகு என்பது நமது அபிப்பிராயம். அதற்குச் சாட்சியாக, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1982-ல் வெளியிட்ட 'ஈ.டி.' என்னும் அமெரிக்கப் படத்தை அழைக்கிறோம். வேற்றுலகிலிருந்து வந்து பூமியில் தனியே அகப்பட்டுக்கொண்ட ஒரு பிராணிக்கும், எலியட் என்ற பத்து வயதுச் சிறுவனுக்கும் ஏற்படும் சிநேகந்தான் கதை. அமெரிக்காவில் பெற்றோரின் யோசனைக்கு விடப்பட்ட இப்படத்தை, ஸ்வீடன் தேசத்தில் 11 வயதுக்கு உட்பட்டவர்கள் பார்க்கவே கூடாதென்று தணிக்கையாளர்கள் தடுத்துவிட்டார்கள்! யார் சொன்னது சரி?

அந்தப் பிராணியின் தோல் சுருக்கம் விழுந்தது, கழுத்து நீண்டது, அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள். எலியட்டின் சின்னத் தங்கை முதலில் வீறிடத்தான் செய்கிறாள். ஆனால் சற்று நேரத்துக்கெல்லாம் அதற்குப் பெண் வேஷம் போட்டு விளையாடுகிறாள். பூதத்தைக் கண்ட பயம் அவ்வளவோடு சரி.

உண்மையான பயம் வேறிடத்தில் இருக்கிறது. எலியட்டின் தகப்பனார் வீட்டை விட்டுப் போய்விட்டார். தாயாரைத் தவிர மற்றப் பெரியவர்களின் முகத்தை வெகுநேரம் வரை நாம் சரியாகப் பார்ப்பதேயில்லை. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்துத்தான் தெரிகிறது. பிறகு ஒரு நாள், உடல் முழுதும் மூடிய உடை தரித்த மனிதர்கள் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறார்கள். வெளுத்துப்போன நண்பன் நோய்ப் படுக்கையில் கிடக்கிறான். அவன் இருதயம் நின்றுபோகிறது. வாடிய பூச்செடி மறுபடி நிமிர்வதைக் கொண்டு அவன் பிழைத்தானென்று நாம் அறிகிறோம். ஆனால் அதுவரை காத்திருக்கும் சில நிமிஷங்கள் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு யுகமல்லவா?

2002-ல் இப்படத்தை மீண்டும் வெளியிட்டபோது, அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளை அகற்றி, பேசும் கருவிகளைக் கொடுத்தார் ஸ்பீல்பெர்க். அப்படிச் செய்தது தவறென்று பின்னால் அவரே வருந்தினார். துப்பாக்கி போயிற்று; நோய்ப் படுக்கை போகவில்லையே!

நமது தேசத்திலும் 2023-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம், பெற்றோரின் யோசனைக்கு உரிய படங்களை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் சட்டம் வயதைத்தான் எண்ணும். குழந்தையை அறிந்தவர்கள் பெற்றோரே.

ஆகையால் தகப்பனார் வேறு மூன்று கேள்விகள் கேட்கட்டும். குழந்தை நேசிக்கும் பாத்திரம் பிரிகிறதா, சாகிறதா? அந்தத் துக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? நம்பத்தக்க பெரியவர் ஒருவராவது படத்தில் உண்டா? 'ஈ.டி.'யில் உண்டு. அந்தச் சாவிக்கொத்து மனிதரே கடைசியில் எலியட்டின் பக்கம் குனிந்து, பத்து வயது முதல் தாமும் இதற்காகவே ஏங்கியிருந்ததாகச் சொல்கிறார்.

நமது தீர்ப்பு இது: ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு, பக்கத்து ஆசனத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால், இது உத்தமமான படம். ஆனால் சமீபத்தில் தாத்தாவை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்த குழந்தையாயிருந்தால், வயது பத்தானாலும் ஒரு வருஷம் பொறுத்திருப்பது நலம். படம் எங்கும் ஓடிப்போய்விடாது.