எருக்கஞ்செடிப் புழுவும் வெந்தய வரியனும்

வரப்போரத்து எருக்கஞ்செடிகளில் கறுப்பு, மஞ்சள், வெண்மை வளையங்களுடன் காணப்படும் புழுவுக்கு மருந்து தெளிக்க வேண்டுமா என்று அங்கத்தினர் சிலர் நம்மை வினவியுள்ளனர். வேண்டுவதில்லை. அது வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு. முதுகில் மூன்று இணை கரிய இழைகள் நீண்டிருத்தல் அதன் அடையாளம். எருக்கு முதலிய பாலுள்ள செடிகளே அதன் உணவு; நெல்லையோ பருத்தியையோ நிலக்கடலையையோ அது தீண்டாது.

வண்ணத்துப்பூச்சியை அறிதலும் எளிதே. இறகுகள் செம்மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். முன்னிறகின் நுனி கறுப்பு, அதில் வெண்பட்டை. பின்னிறகின் நடுவில் மூன்று கரும்புள்ளிகள் உண்டு. ஆணுக்கு நான்காவது ஒன்றும் உண்டு. அது மணப்பொருள் தேங்கும் பை. தரிசு, புல்வெளி, சாலையோரம் போன்ற வெயில் படும் திறந்த வெளிகளில் தாழ்வாக, அவசரமின்றிப் பறக்கும். அவசரப்பட வேண்டிய தேவையும் அதற்கு இல்லை! புழுப்பருவத்தில் உண்ட எருக்கம்பாலின் நஞ்சு உடலில் தங்கியிருப்பதால், ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை நெருங்குவதில்லை.

இந்தப் பாதுகாப்பை இரவல் பெற்ற பூச்சியொன்றும் உண்டு. நஞ்சற்ற அவ்வினத்தின் பெண் அச்சாக வெந்தய வரியனைப் போலவே இருக்கும். அதன் ஆணோ கரிய இறகில் நீல ஒளி சூழ்ந்த வெண்வட்டங்கள் கொண்டது. இரண்டும் ஓரினம் என்று நம்புவதே கடினம். ஒரே உடல் நிறத்தில் நெய்த இரு சேலைகளைக் கரை கொண்டு பிரித்தறியும் நம் நெசவாளருக்கு இவ்வேறுபாடு விரைவில் புலப்படும்: போலியின் பின்னிறகில் நடுப்புள்ளிகள் இல்லை, மேல்விளிம்பில் ஒரு கரும்புள்ளி மட்டுமே. அதன் புழு பருப்புக்கீரையில் வளரும்.

பசுந்தாளுக்காகச் சணப்பு விதைப்போர் மற்றொன்றையும் காணலாம். வாடிய சணப்பிலும் கிலுகிலுப்பையிலும் ஆண் வரியன்கள் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் மணப்பொருளை ஆக்குவதற்கே அச்சாறு. பயிருக்குச் சேதம் இல்லை.

எல்லாப் புழுவும் இத்தகையதன்று. எலுமிச்சை இலைகளில் முதலில் பறவை எச்சம் போன்றும் பின்னர்ப் பச்சையாகவும் தோன்றுவது வேறொரு வண்ணத்துப்பூச்சியின் புழு. இளங்கன்றுகளை அது மொட்டையாக்கிவிடும்; அதைக் கையால் பொறுக்கி அகற்றுவது நன்று. ஆகவே புழுவைக் கண்டதும் தெளிப்பானை எடுக்காமல், எந்தச் செடியில் இருக்கிறதென்று முதலில் பார்க்க வேண்டுகிறோம்.

நடவுக்கு முன் தழையுரத்திற்காக எருக்கை வெட்டுவோர், வரப்புக்கு இரண்டொரு புதர்களை விட்டுவைத்தால் போதும். வெந்தய வரியன் இலையின் அடிப்புறத்தில் ஒவ்வொன்றாக முட்டையிடுவதற்கு அதுவே இடமாகும்.